சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்தார்கள். கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இற் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்து கல்லூரியை அடைந்தார்கள். திறந்த போட்டிப் பரீட்சையில் தேறிச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அன்னாரே. தாம் கடல் கடந்து பெற்ற உயர்கல்வி ஏனையோர்க்கு இந்நாட்டிலேயே வாய்த்தல் வேண்டுமென விழைந்து, 1906இற் பல்கலைக்கழகச் சங்கத்தின் வாயிலாக உழைத்தார்கள். 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1924இல் மதுரையில் இறைவனடி சேர்ந்தார்கள்.

ஒரு மாணவர்க்கு ஈந்த பரிசில் ஒரு நாட்டிற்கே பயன்பட்டது. செல்வக்குடிப் பிறந்த அப்பெரியார்க்கே பரிசில் துணையாயிற்றெனின், உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் விடுதிச் செலவுக்கும் நூற்செலவுக்கும் வழியின்றித் தயங்கும் சிலாபக்கரை மீனவர், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகட்கு அஃது எத்துணை இன்றியமையாதது! பழைய மாணவராகிய நாம் ஆண்டுதோறும் ஒரு பரிசிலேனும் நிறுவுவோமாக.