எலும்பும் பெயர் சொல்லும்



இறந்தோருக்காக நாம் சிறப்பாக மன்றாடும் மாதம் நவம்பர். 1895ஆம் ஆண்டு அதே மாதம் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். நோயாளிகளுக்கு மட்டுமல்ல, பெயர் தெரியாமல் கிடக்கும் இறந்தோருக்கும் அது பேருதவியாக அமைந்தது.

நம் காஞ்சிபுரத்தைப் போல நெசவுக்குப் பேர்போன லென்னெப் என்ற ஊரில், 1845இல் துணி வணிகரின் மகனாக ராண்ட்ஜன் பிறந்தார். ஹாலந்தில் படிக்கையில், ஆசிரியரைக் கேலி செய்து இன்னொரு மாணவன் வரைந்த படத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். ஆள் மாறிப் பழி சுமப்பதன் வேதனையைச் சிறு வயதிலேயே அறிந்தவர் அவர்.

பின்னர் சூரிச் நகரில் பயின்று 1869இல் முனைவர் பட்டம் பெற்றார். கதிரைக் கண்டுபிடித்த சில வாரங்களில் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கவில்லை. அது எல்லாருக்கும் சொந்தம் என்று கருதினார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த கடும் விலைவாசி உயர்வில் சேமிப்பை இழந்து, 1923இல் மியூனிக்கில் இறந்தார்.

நெற்றி எலும்புக்குள் காற்று நிறைந்த சிறு அறைகள் உள்ளன. அவற்றின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தான் போட்ட கோர்வையை வைத்துத் தன் சேலையை நெசவாளர் அறிவதுபோல, உயிரோடு இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயை இறந்தபின் எடுத்ததோடு ஒப்பிட்டு மருத்துவர்கள் ஆளை அறிகிறார்கள். மூக்கை ஒட்டிய அறைகளையும் காதின் பின்எலும்பையும் இவ்வாறு ஒப்பிட்டு ஒருவரை அடையாளம் கண்டதை 1927இல் இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். 1949இல் கனடாவின் டொராண்டோ துறைமுகத்தில் நொரோனிக் கப்பல் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, முகம் கருகிய பலரை உறவினரிடம் சேர்த்ததும் எக்ஸ்ரேதான்.

காணாமல் போனவரின் வீட்டில் கண்ணீருக்கும் முடிவில்லை, கல்லறைக்கும் வழியில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல். தோபித்து அதை உயிரைப் பணயம் வைத்துச் செய்தார். அடக்கம் செய்யுமுன் அவர் யார் என்று அறிவதும் அதே இரக்கத்தைச் சேர்ந்ததுதான்.

எனவே வீட்டிலுள்ள பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தூக்கி எறியாமல் பெயரும் தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துவோம். யாரேனும் காணாமல் போனால், அவை இருப்பதைக் காவல்துறையினரிடம் சொல்வோம். ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன், பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்களையும் அறிவார். அவர்களுக்காகவும் இம்மாதம் செபிப்போம்.