கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட்

சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களும் அரசர்க்கும் அவர்தம் தூதர்க்குமே உரியன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். தெருவைத் துப்புரவு செய்யவும் குளத்தைத் தூர்வாரவும் புறப்படும் நம் சங்கத்து வாலிபர்க்கோ, பொருளும் அதிகாரமும் இல்லாமையால், சாமம் ஒன்றே துணையாகும். அதனைக் கையாண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்து தேசத்தவர். 1907-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, 1913-இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொல்லிமலையிற் குடியேறினார். குஷ்டரோக சிகிச்சையிற் கீர்த்தி பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்தம் குமாரரே. கிறிஸ்தவ போதகராக வந்தவரை மலைவாசிகள் எளிதில் நம்பிவிடவில்லை. மத விஷயம் நமக்கு இங்கே பொருளன்று. அவர் அந்த அவநம்பிக்கையை எங்ஙனம் வென்றார் என்பதே பொருள்.

அம்மலையில் நரம்புச்சிலந்தி நோய் மிக்கிருந்தது. இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு காலின் தோலைத் துளைத்து வெளிவரும். வெடுக்கென இழுத்தால் அறுந்து, கால் வீங்கிச் சீழ்பிடிக்கும். ஆதலால் அதனைக் குச்சியிற் சுற்றி நாளுக்குச் சிறிதாக எடுத்தல் வேண்டும். பிறரை இணங்குவிக்கும் காரியமும் ஏறக்குறைய இத்தன்மையதே.

நோயின் வித்தோ கிணற்றில் இருந்தது. புண்பட்ட காலோடு படியிறங்கி நீர் மொள்ளுங்கால் புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். நுண்ணிய நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைப் பருகினோர்க்கு ஓராண்டளவில் புழு வெளிப்படும். முன்னோர் இறங்கிய கிணற்றை அயலான் ஒருவன் வந்து பழித்தால் யார் செவிகொடுப்பர்? புண்ணுக்கு மருந்திட்ட கை அவருடையதாயிருந்தமையால் அவர் சொல் ஏறிற்று. கால் நீரிற் படாதவாறு கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பும்படி கிராமத்தார்க்கே கற்பித்தார்.

அவரை எதிர்த்து நின்றவருள் ஒரு பூசாரியும் இருந்தார். முதல் மஹா யுத்தத்தின் முடிவில் பரவிய இன்ப்ளூயன்ஸா சுரம் பூசாரியையும் பற்றியது. பிறர் அணுக அஞ்சிய அவ்வேளையில் பிராண்ட் தம்பதிகள் பகை பாராது கஞ்சி கொடுத்துப் பேணினர். மரணத் தறுவாயில் அவர் தம் குழந்தையை அவர்களிடமே ஒப்புவித்தார். நம் சபைகளில், தீர்மானத்தை எதிர்த்துக் கைதூக்கியவர் வீட்டுத் துக்கத்திற்குப் போகாதோர் எத்தனை பேர்!

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருநீர்ச்சுரங் கண்டு ஜெஸ்ஸி பிராண்ட் இறந்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் குதிரைமீது மலைக்கிராமங்களுக்குச் சென்று ஊழியம் புரிந்து, 1974-இல் தம் 95-ஆம் வயதிற் காலமானார். நரம்புச்சிலந்தி இந்தியாவை விட்டே நீங்கியதென 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.