கண்ணாடி வீட்டை வெறுத்த தோட்டக்காரர்

1861-ம் ஆண்டு. அயர்லாந்தில் கடுங்குளிர் காலம். பாலிகில்காவன் என்னுமிடத்தில் ஒரு நிலப்பிரபுவின் மாளிகை. மாளிகைத் தோட்டத்தில் கண்ணாடியால் கட்டிய செடி வீடுகள் பல இருந்தன. வெளியே உறைபனி, உள்ளே உலையின் கதகதப்பில் வெப்ப நாட்டுச் செடிகள் சுகமாக வளர்ந்து கொண்டிருந்தன. இரவெல்லாம் அந்த உலை அணைந்து விடாமல் பார்த்துக் கொள்வது, அந்தச் செடி வீடுகளின் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞரின் வேலை. அவருக்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெயர் வில்லியம் ராபின்சன்.

ஒரு நாள் அவருக்கும் எஜமானருக்கும் ஏதோ தகராறு மூண்டது. அன்றிரவு ராபின்சன் உலைகளை எல்லாம் அணைத்தார். ஜன்னல்களைத் திறந்து விட்டார். மூட்டையைக் கட்டிக்கொண்டு டப்ளின் நகரம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலையில் பிரபுவின் அருமைச் செடிகள் அத்தனையும் பனியில் கருகிக் கிடந்தன.

பிற்காலத்தில் இங்கிலாந்தின் தோட்டக்கலையையே தலைகீழாக மாற்றியவரைப் பற்றி இன்றும் சொல்லப்பட்டு வரும் கதை இது. இதை நம்பாதவர்களும் உண்டு. அவர்கள் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. டப்ளின் அருகே கிளாஸ்நெவின் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த டேவிட் மூர் என்பவர்தான் ராபின்சனுக்கு லண்டனில் வேலை கிடைக்க உதவினார். ஒரு பிரபுவின் செடிகளைக் கொன்றுவிட்டு ஓடி வந்த பையனுக்கு அப்படிப்பட்ட பெரிய மனிதர் சிபாரிசு செய்திருப்பாரா? உலை அணைந்தது உண்மையோ பொய்யோ, அவர் பிறகு வாழ்ந்த எழுபத்து நான்கு ஆண்டுகளும் அந்த உலைக்கு விரோதமாகவே கழிந்தன.

லண்டனில் அவருக்கு வேலை கிடைத்த இடம் ரீஜெண்ட்ஸ் பார்க்கில் அப்போது இருந்த தாவரத் தோட்டம். அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். அங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை கண்ணாடி வீட்டுச் செடிகள் அல்ல. வெயிலிலும் பனியிலும் திறந்த வெளியிலேயே ஆண்டாண்டாக நிற்கும் செடிகளும், இங்கிலாந்தின் வயல் வரப்புகளில் தானாகப் பூக்கும் காட்டுப் பூக்களுமே. அவற்றைச் சேகரிப்பதற்காகக் கிராமப்புறங்களில் அலைந்தார். அந்த அலைச்சல் அவர் கண்ணைத் திறந்தது.

அன்றைய சீமான்களின் தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் கோபம் புரியும். குளிர்காலம் முழுவதும் நிலக்கரியை எரித்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கண்ணாடிக்குள் வளர்ப்பார்கள். கோடை பிறந்ததும் அவற்றை வெளியே கொண்டு வந்து, ஜமக்காளம் நெய்த மாதிரி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பாத்தி பாத்தியாக நடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கண்ணைப் பறிக்கும். முதல் பனி விழுந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பிறகு அடுத்த வசந்தம் வரை வெறும் மண். இதற்கு ஆகும் செலவு பிரபுக்களுக்குத்தான் கட்டும். ஒரு சிறு வீட்டுக்காரர், தன் கொல்லையில் பத்துப் பூ பார்க்க வேண்டுமென்றால் உலைக்கு எங்கே போவார்?

1866-ம் ஆண்டில் ராபின்சன் லின்னேயன் சங்கத்தின் உறுப்பினரானார். அவரை முன்மொழிந்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். பள்ளிப் படிப்புகூட அதிகம் இல்லாத ஒரு தோட்டக்காரருக்கு இது சாமான்யமான கௌரவம் அல்ல. மறு ஆண்டே அவர் உத்தியோகத்தை விட்டுப் பேனாவைப் பிடித்துக் கொண்டார். பாரிஸ் பொருட்காட்சியைப் பற்றி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். ஆல்ப்ஸ் மலைக்கும் சென்று, அங்கே பாறை இடுக்குகளிலும் மர நிழலிலும் வளரும் செடிகளைப் பார்த்து வந்தார். 1870-ல் 'காட்டுத் தோட்டம்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறு நூல் வெளிவந்தது.

நூலின் கருத்து எளியது. எந்த நாட்டுச் செடியானாலும் சரி, நம் ஊர்க் குளிரைத் தாங்குமானால் அதற்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்து வைத்துவிட வேண்டும். பிறகு அது தன்னைத்தானே கவனித்துக் கொள்ளும். இதற்கு அவர் எடுத்துக்காட்டிய செடிகளில் ஒன்றுதான் சைக்ளமன்.

ஒரே குடும்பம், இரண்டு குணம்

சைக்ளமன் என்றதும் அக்காலத்தவர்க்கு நினைவுக்கு வந்தது பூத்தொட்டியில் நிற்கும் பெரிய பூதான். அது கிழக்கு மத்திய தரைக்கடல் ஓரத்தைச் சேர்ந்தது. கடும் பனி பட்டால் செத்துவிடும். ஆகவே கண்ணாடி வீட்டில் வைத்துச் சீராட்டினார்கள். ஆனால் அதே குடும்பத்தில் பனிக்கு அஞ்சாத சகோதரர்களும் இருந்தார்கள். தெற்கு ஐரோப்பாவின் காடுகளில் மர நிழலில் வளர்பவை, உருவத்தில் சிறியவை. பூவின் தண்டும் குட்டையானது. இதழ்கள் ஐந்தும், காற்றில் பின்னுக்குச் சாய்ந்த தலைமயிர் போல மேல்நோக்கி மடிந்திருக்கும். இளஞ்சிவப்பு, சிலவற்றில் வெள்ளை.

இவற்றில் பெயர் பெற்றது, ஐவிக் கொடியின் இலையைப் போன்ற இலை உடையது. கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கும். கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது, இலை ஒன்றும் இல்லாத வெறும் தரையிலிருந்து பூக்கள் மட்டும் கிளம்பும். பிறகே இலை வரும். பச்சை இலையில் வெள்ளிப் பூச்சு. ஒன்றன் கோலம் மற்றொன்றுக்கு இராது. மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தில் இந்த இலைதான் தரைக்கு அழகு. வசந்தத்தின் முடிவில் மரங்கள் தழைத்து நிழல் கவியும்போது இதன் இலை உதிர்ந்துவிடும். மரத்துக்கும் செடிக்கும் வெயிலில் பங்கு சண்டையே இல்லை! 'கோவும்' என்ற மற்றொரு வகை இன்னும் குள்ளம்; அது குளிர்காலத்தின் நடுவிலும் முடிவிலும், பனிக்கிடையிலேயே பூக்கும்.

பூ வாடிய பிறகு நடப்பது விசித்திரம். தண்டு கடிகார வில் போலச் சுருண்டு சுருண்டு காயைத் தரையோடு கொண்டு வந்து வைக்கிறது. விதை முற்றி வெடிப்பது மறு கோடையில். விதையின் மேல் இனிப்பான ஒரு பசை உண்டு. அதற்காக எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பசையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடுகின்றன. அப்படித்தான் இது காட்டில் பரவுகிறது. தோட்டக்காரன் கூலி இல்லாமல் நடவு நடக்கிறது.

வளர்ப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக் கூடாததே அதிகம். இலை உதிர்க்கும் மரத்தின் கீழ், நீர் தேங்காத இடமாகப் பார்க்க வேண்டும். இலைமக்கு கலந்த மண் வேண்டும். கிழங்கு சிறு சேனையைத் தட்டையாக்கினாற்போல் இருக்கும். அதை ஆழத்தில் புதைக்காமல் ஓரிரண்டு அங்குல மண் மூடினால் போதும். இங்கே ஒரு வேடிக்கை. ஐவி இலை வகைக்கு வேர் கிழங்கின் மேல்புறத்திலும் பக்கங்களிலும்தான் வரும். இது தெரியாமல் வேர் உள்ள பக்கம் கீழே என்று எண்ணித் தலைகீழாக நடுபவர்கள் ஏராளம். 'கோவும்' வகைக்கோ வேர் அடியில். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் பெரியது சின்னதை அமுக்கிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, உறங்கும் காலத்தில் மேலே மெல்லிய இலைமக்குப் போர்வை. கோடையில் அங்கே தண்ணீரைக் கொட்டாமலும் மண்வெட்டி போடாமலும் இருப்பது பெரிய உபகாரம். பறித்த உடனே விதைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். நட்டவர் மறைந்த பின்னும் கிழங்கு இருக்கும். முதிர்ந்த கிழங்கு சாப்பாட்டுத் தட்டின் அகலம் கூட வந்துவிடும்.

காட்டுக்குச் சொந்தக்காரர்

ராபின்சன் நூல்களோடு நிற்கவில்லை. 1871-ல் 'தி கார்டன்' என்ற வார இதழைத் தொடங்கினார். 1879-ல் சிறு வீட்டுக்காரர்களுக்காக மலிவு விலையில் மற்றொரு பத்திரிகை நடத்தினார், பணம் கொழித்தது. 1883-ல் வெளிவந்த 'இங்கிலீஷ் பூந்தோட்டம்' என்ற பெரிய நூல் அவர் ஆயுளிலேயே பதினைந்து பதிப்புகள் கண்டது. பிரபுவின் செடி வீட்டு உலையைக் காத்தவர், 1884-ல் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் அருகே கிரேவ்டை என்ற பழைய மாளிகையையும் சுமார் 200 ஏக்கர் நிலத்தையும் விலைக்கு வாங்கினார். போகப் போக அது 1,000 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது.

அந்த நிலத்தில் பெரும்பகுதி காடு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அடியோடு வெட்டித் துளிர்க்க விடும் ஹேஸல், செஸ்ட்நட் மரங்கள். அவற்றின் இடையே சைக்ளமனையும் சில்லாவையும் நார்சிசஸ் பூவையும் கூட்டம் கூட்டமாக நட்டார். ஓராண்டில் மட்டும் ஏரிக் கரையில் 1,00,000 நார்சிசஸ் கிழங்குகள் நடப்பட்டன. ஏழைக்கும் எளியது என்று எழுதியவர் கை, சொந்தக் காட்டில் அவ்வளவு தாராளமாக இருந்தது! இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குறை வேறொன்றும் உண்டு. நட்டுவிட்டுச் சும்மா இரு என்ற அவருடைய தத்துவம் எல்லாச் செடிக்கும் பொருந்தவில்லை. அவர் அதே 'காட்டுத் தோட்ட' நூலில் புகழ்ந்த மற்றொரு செடி ஜப்பானிய நாட்வீட். நடுவது எளிது, ஒழிப்பது கடினம் என்று பின்னாளில் அவரே உணர்ந்து எச்சரித்தார். அதற்குள் அது வேலி தாண்டிவிட்டது. இன்று பிரிட்டனில் வீட்டு அஸ்திவாரத்துக்கும் ஆற்றங்கரைக்கும் அது தீராத தலைவலி. சைக்ளமனோ எறும்பு சுமக்கும் தூரத்துக்கு மேல் போகவில்லை. அதற்கு வந்த ஆபத்து எதிர்த்திசையிலிருந்து. காட்டுப் பூ மோகம் பரவப் பரவ, துருக்கி முதலிய நாடுகளின் காடுகளிலிருந்து கிழங்குகளைத் தோண்டி மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். 1970-களில் சர்வதேச வாணிப ஒப்பந்தம் சைக்ளமனுக்குக் கட்டுப்பாடு விதித்தது. காய்ந்து வற்றிய அந்தக் கிழங்குகளில் பல, நட்ட இடத்தில் பிழைப்பதும் இல்லை. விதையில் வளர்த்து, இலையோடு தொட்டியில் விற்கும் செடியே நம்பத் தகுந்தது.

சக்கர நாற்காலியில்

ராபின்சன் முன்கோபி. கல்லும் சுவரும் நேர்க்கோடும்தான் தோட்டத்துக்கு அழகு என்று வாதித்த கட்டடக் கலைஞர் ரெஜினால்ட் புளோம்ஃபீல்டுடன் 1892-ல் அவர் மூட்டிய பேனாச் சண்டை நாடறிந்தது. மறுபுறம், கெர்ட்ரூட் ஜெகில் அம்மையாருடன் அவருக்கு ஆயுள்காலச் சிநேகம். கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

1909-ம் ஆண்டில் கோயிலுக்குப் போகும் வழியில் கீழே விழுந்து முதுகில் அடிபட்டார். அதற்குப் பிறகு நடக்க இயலவில்லை. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காட்டில் ஓடியாடிக் கிழங்கு நட்டவருக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன? ஆனால் அவர் படுத்துவிடவில்லை. மேலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தோட்டத்தை நடத்தினார், எழுதினார். எர்னஸ்ட் மார்க்கம் என்ற தலைமைத் தோட்டக்காரர் அவருக்குக் கையும் காலுமாக இருந்தார். மார்க்கத்தின் பெயரில் இன்றும் ஒரு செந்நிறக் கிளெமாட்டிஸ் கொடி விற்கப்படுகிறது. வருஷத்துக்கு வருஷம் புதுநடவு கேட்கும் பாத்திகளாக இருந்திருந்தால், நாற்காலியில் முடங்கிய எஜமானருக்கு அது பெரும்பாடாக முடிந்திருக்கும். காட்டில் அவர் நட்டவையோ இலையுதிர் காலம் தோறும் தாமாகவே வந்து கொண்டிருந்தன.

1935-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, 96-வது வயதில் ராபின்சன் காலமானார். பிணத்தைப் புதைப்பதை விட எரிப்பதே மேல் என்பது அவருடைய நீண்ட நாளைய வாதம். 1880-லேயே அதற்காக ஒரு நூல் எழுதியவர். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் சுடுகாடு அமைந்தபோது அதன் தோட்டத்தைத் திட்டமிட்டுத் தந்தவரும் அவரே. அங்கேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. கிரேவ்டை மாளிகையையும் காட்டையும் நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார். மாளிகை 1958 முதல் பிரயாணிகள் தங்கும் விடுதி.