கைவினைஞருக்குப் பொதுப் பட்டறை கண்ட கமலாதேவி

புது தில்லி: தேசப் பிரிவினையால் உடைமைகளை இழந்து தில்லிக்கு வந்து குவிந்த அகதிகளுக்கு உணவும் உடையும் வழங்குவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அவர்களுக்கு நிவாரணத்தைவிட அவசரத் தேவை தொழில் செய்ய ஓர் இடமும், அந்த இடத்தைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையும்தான் என்று உறுதியாக நம்பியவர் கமலாதேவி சட்டோபாத்யாய. கருவிகளையும் கச்சாப் பொருள்களையும் பகிர்ந்துகொண்டு, விற்பனையையும் தாங்களே கவனித்துக்கொள்ளும் பொதுப் பட்டறைகளை நாட்டில் உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர்.

கமலாதேவி 1903-ம் ஆண்டு ஏப்ரல் 3-ம் தேதி மங்களூரில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பச் சொத்து முதல் தாரத்து மகனுக்குச் சென்றுவிட, தாயார் கிரிஜாபாய் மிகுந்த மன உறுதியுடன் மகள்களை வளர்த்தார். உழைப்பவருக்கு உடைமையில் பங்கு வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் விடாது வற்புறுத்தியதற்கு, இந்த இளமை அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பதின்பருவத்திலேயே விதவையான அவர், சென்னை ராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பியும் கவிஞருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயவை மறுமணம் செய்துகொண்டார். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்டு, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோல்வியுற்றார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது பம்பாயில் தடையை மீறி உப்பு விற்றுச் சிறை சென்றார். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சித் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். விடுதலைக்குப் பின் பதவி அரசியலிலிருந்து ஒதுங்கி, கூட்டுறவுப் பணியைத் தேர்ந்தெடுத்தார்.

அகதிகளே கட்டிய நகரம்

1948-ல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை அவர் தொடங்கினார். தில்லியை அடுத்த சத்தர்பூரில் அகதிகளைக் கொண்டு கூட்டுறவு வேளாண்மை தொடங்கப்பட்டது. அடுத்த பெரிய சோதனைக்களம் ஃபரீதாபாத். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்து முகாம்களில் தங்கியிருந்த பல்லாயிரம் பேருக்காக அங்கு புதிய நகரம் அமைக்க அரசு முடிவு செய்தது. ஒப்பந்தக்காரர்களிடம் பணியை விடாமல், அகதிகளின் கூட்டுறவுச் சங்கங்களே வீடுகளைக் கட்ட வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு ஒன்றியம் துணை நின்றது. வணிகராகவும் கடைக்காரராகவும் வாழ்ந்தவர்கள் மண் சுமக்கவும் செங்கல் அடுக்கவும் கற்றுக்கொண்டனர்.

ஆனால், அந்த முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. நகர நிர்வாகம் சில ஆண்டுகளிலேயே வழக்கமான அரசுத் துறைகளின் கைக்குச் சென்றது. ஃபரீதாபாத் பெரிய தொழில் நகரமாக வளர்ந்தது. கூட்டுறவு நகரம் என்ற கனவு பின்தங்கியது.

பட்டறையின் கணக்கு

கைவினைத் தொழிலின் நோய் எது என்பதை கமலாதேவி தெளிவாகக் கண்டிருந்தார். தனித்து உழைக்கும் கைவினைஞர் நூலையும் உலோகத்தையும் வணிகரிடம் கடனுக்கு வாங்குகிறார். செய்த பொருளை அதே வணிகரிடம் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். எந்த வடிவம் விற்கும், வாங்குபவர் யார் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. திறமை அவருடையது, லாபம் பிறருடையது. கச்சாப் பொருளை மொத்தமாக வாங்கவும், விலையுயர்ந்த கருவியைப் பலர் பயன்படுத்தவும், வாங்குபவரை நேரடியாகச் சந்திக்கவும் வழி செய்தால்தான் இந்தச் சங்கிலி அறுபடும்.

1952-ல் அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில் தில்லியின் மத்திய குடிசைத் தொழில் எம்போரியத்தை நடத்தும் பொறுப்பை கூட்டுறவு ஒன்றியம் ஏற்றது. கிராமத்துப் பட்டறைகளுக்குத் தலைநகரில் ஒரு கடைவீதி கிடைத்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களில் வாரியத்தின் வட்டார வடிவமைப்பு மையங்கள் தோன்றின. கைவினைஞரும் ஓவியரும் ஒரே மேஜையில் அமர்ந்து புதிய வடிவங்களைச் சோதிக்க அவை இடமளித்தன.

மறைந்துகொண்டிருந்த கலைகளுக்கு அவர் செய்த பணி தனித்துக் கூறத்தக்கது. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி அறிந்தோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தனர். கடுக்காய்ச் சாறும் பாலும் தோய்த்த துணியில் மூங்கில் எழுதுகோலால் வரைந்து, படிகாரமிட்டு, ஓடும் நீரில் பலமுறை அலசி முடிக்க வேண்டிய கலை அது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சென்ற அந்த நுட்பத்தைக் கற்பிக்க, 1950-களின் பிற்பகுதியில் அங்கு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. குடும்ப ரகசியம் பொதுக் கல்வியாயிற்று.

ஜெய்ப்பூரின் நீல மட்பாண்டமும் இவ்வாறே மீண்டது. பெயரில் மண் இருந்தாலும் அதன் முதன்மைப் பொருள் குவார்ட்ஸ் கல்லின் பொடியே. சாதாரணக் களிமண்போல் சக்கரத்தில் எளிதில் வளையாது. சூளையில் வெடித்தால் பல நாள் உழைப்பு வீணாகும். ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் அதை மீட்டெடுத்துப் பலருக்குக் கற்பித்ததன் பின்னணியில் கமலாதேவியின் ஊக்கம் இருந்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

1964-ல் உலகக் கைவினை மன்றம் உருவாவதில் அவர் பங்கேற்றார். அதே ஆண்டில் அவரது முயற்சியால் தொடங்கப்பட்ட இந்தியக் கைவினை மன்றம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தலைசிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது வழங்கும் முறை 1965-ல் நடைமுறைக்கு வந்தது. 1966-ல் மகசேசே விருதும், 1987-ல் பத்ம விபூஷண் விருதும் அவரைச் சிறப்பித்தன. 1988-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி பம்பாயில் அவர் காலமானார்.

அவர் வளர்த்த அமைப்புகளில் சில அரசின் உடைமையாயின. எம்போரியம் கூட்டுறவின் கையிலிருந்து விலகி, 1976-ல் அமைந்த அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. பிற்காலத்தில் ஆலோசனை அமைப்பாகச் சுருங்கிய கைவினைப் பொருள் வாரியத்தை 2020 ஆகஸ்டில் மத்திய அரசு கலைத்தது. வாரியம் கலைந்தாலும், அது உயிர்ப்பித்த கலைகள் அழியவில்லை. காளஹஸ்தித் துணிகளும் ஜெய்ப்பூர்க் கலங்களும் சந்தையில் தம் இடத்தைத் தக்கவைத்துள்ளன.

ஆயினும் கமலாதேவியின் இலக்கு கலையைக் காப்பது மட்டுமன்று. அதைப் படைப்பவரைப் பட்டறையின் உரிமையாளராக்குவது. நாட்டின் பல பகுதிகளில் இன்று கைவினைஞருக்கான பொது வசதி மையங்கள் உருவாக்கப்படுகின்றன. கட்டடத்தையும் இயந்திரத்தையும் அரசு தந்துவிட முடியும். அங்கு என்ன செய்வது, யாருக்கு விற்பது, வரும் லாபத்தை எவ்வாறு பகிர்வது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே, ஃபரீதாபாதில் விடை காணாமல் போன கேள்வி. அந்த அதிகாரம் கைவினைஞரிடம் சேரும்போதுதான் அவர் தொடங்கிய பணி நிறைவுபெறும்.