மணி அடித்துப் பாடம் சொன்ன சவேரியார்

தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்தில், பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இருந்தது. கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றது. காலப்போக்கில் ஆற்று மண் மேடிட்டது. கடல் சில மைல் பின்வாங்கிவிட்டது. முத்துக் குளிக்கும் தொழில் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் போய்விட்டது.

அந்த முத்துக் கரைக்கு 1542-ம் ஆண்டு ஒரு வெளிநாட்டார் வந்தார். அவர்தான் பிரான்சிஸ் சவேரியார்.

பிரபுவின் மகன்

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்தவர். ஸ்பெயின் நாட்டின் வடக்கே உள்ள சேவியர் கோட்டை அவர் பிறந்த வீடு. பாரிஸ் நகரில் படித்து, அங்கேயே கல்லூரி ஆசிரியரானார். பிறகு இஞ்ஞாசியாருடன் சேர்ந்து துறவியானார்.

இந்தியாவுக்குப் போக வேண்டியவர் வேறொருவர். அவர் நோயில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாகச் சவேரியார் உடனே புறப்பட்டார். கப்பல் பயணம் 13 மாதம் பிடித்தது!

சின்னஞ்சிறு ஆசிரியர்கள்

முத்துக் கரையில் பரதவர் பலர் சில ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவர்களாகி இருந்தனர். ஆனால், அவர்களுக்குச் சமயப் பாடம் சொல்ல ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. என்ன செய்வது?

தமிழும் போர்ச்சுக்கீசும் தெரிந்த சிலரைத் தேடிப் பிடித்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துச் சென்றார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தனர். அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை வகுப்பு நடந்தது.

கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும், அக்கம் பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி பிள்ளைகளிடம் கூறினார். இதனால் வீடு தோறும் ஓர் ஆசிரியர் உண்டானார்!

பாடத்தில் பிழையும் இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று எழுதியிருந்தார்கள். 1544-ல் இது சவேரியாருக்குத் தெரிந்தது. தவறாகக் கற்பித்துவிட்டோமே என்று அவர் மூடி மறைக்கவில்லை. உடனே தம் தோழருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

ஊர் தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்காக முத்துக் கரையிலிருந்து ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி, பாடம் சொல்பவர்களுக்குக் கொடுத்தார்.

1544-ல் வடுகர் படை குமரிமுனைப் பக்கம் பாய்ந்தது. மக்கள் கடல் பாறைகளுக்கு ஓடி, பசியாலும் தாகத்தாலும் தவித்தனர். சவேரியார் 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. திரும்பி வந்து, கரை வழியாகவே அவர்களைத் தேடிப் போனார்.

எரிமலைத் தீவுகள்

1546-ல் அவர் இன்னும் தொலைவு போனார். இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்கஸ் தீவுகள், முத்துக் கரையிலிருந்து 3,000 மைலுக்கு அப்பால் உள்ளன. கிராம்பு விளையும் தெர்னாத்தே தீவில் பாடங்களை மலாய் மொழியில் பாட்டாக்கிக் கற்பித்தார். சிறுவர் தெருவிலும், பெண்கள் வீட்டிலும், மீனவர் கடலிலும் அவற்றைப் பாடினார்கள்.

அதற்கும் வடக்கே மோரோ தீவுகள். எரிமலை குமுறும் இடம். முன்பு அங்கே போன குரு ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். சோற்றில் விஷம் வைப்பார்கள் என்ற பயமும் இருந்தது. யாரும் போகத் துணியவில்லை. அங்கே இருந்த கிறிஸ்தவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆசிரியரே இல்லை.

போக வேண்டாம் என்று நண்பர்கள் அழுது தடுத்தனர். அவர் கேட்கவில்லை. விஷமுறிவு மருந்தையாவது கொண்டு போகும்படி கெஞ்சினர். அதையும் அவர் வாங்கவில்லை. மருந்தைச் சுமந்தால் பயத்தையும் சுமக்க வேண்டும் என்று எண்ணினார். மூன்று மாதம் ஊர் ஊராக நடந்து பாடம் சொல்லி, உயிருடன் திரும்பினார்.

திரும்பியதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. தாம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. 1547-ல் அந்தத் தீவுகளுக்குப் புறப்பட்ட குருக்களை மலாக்காவில் சந்தித்து, வழிமுறைகளைச் சொல்லி அனுப்பினார். முத்துக் கரையில் அவர் பணியைத் தொடர்ந்த என்றீக்கே என்றீக்கஸ் தமிழை நன்றாகக் கற்று, இலக்கணமே எழுதினார். அவருடைய தமிழ் நூல் 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது.

சவேரியார் 1549-ல் ஜப்பான் போனார். 1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரையோரம் சான்சியன் தீவில் ஒரு குடிசையில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. அவர் உடல் கோவாவில் இருக்கிறது.

பாரிஸ் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், வேற்று நாட்டு மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். பிறருக்குச் சொல்லிக் கொடுக்க விரும்புகிறவர், முதலில் தாம் மாணவராக வேண்டும். சவேரியாரின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் அதுதான்.