ஒரே தீவு, இரண்டு நிறம்!

குழந்தைகளே! வரைபடத்தில் அயர்லாந்து தீவைப் பாருங்கள். ஒரே தீவு, இரண்டு நிறங்கள். ஏன் தெரியுமா?

மைக்கேல் காலின்ஸ் 1890-ல் கார்க் மாவட்டத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் லண்டன் சென்று அஞ்சலக சேமிப்பு வங்கியில் எழுத்தரானார். 1916-ல் பிரிட்டிஷாரை எதிர்த்து டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்றுச் சிறை சென்றார். பின்னர் விடுதலைப் போரின் முக்கியத் தலைவரானார்.

1921 டிசம்பர் 6-ல் ஒப்பந்தம் வந்தது. 26 மாவட்டங்களுக்குத் தன்னாட்சி. வடக்கே 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு இருந்தன. அங்கே அதை விரும்பியவர்களே அதிகம். முழு விடுதலைக்கு இது முதல் படி என நம்பி, காலின்ஸ் கையெழுத்திட்டார். பழைய தோழர்களே எதிர்த்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. 1922 ஆகஸ்ட் 22-ல், சொந்த மாவட்டத்திலேயே சுடப்பட்டு இறந்தார். வயது 31தான்!

அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் கையெழுத்திட்டிருப்பீர்களா? யோசியுங்கள்!