சட்டம் கற்று மக்கள் சபை ஏறிய சர் ஏ. டி. பன்னீர்செல்வம்

ஜுபிலி மலர் என்றால் குருக்களையும் கன்னியரையும் நன்றியோடு நினைவுகூர்வது வழக்கம். அவர்கள் விதைத்ததையே நாம் அறுவடை செய்கிறோம். ஆயினும் பொதுநிலையினராய் இருந்து, நாட்டுப் பணியில் தம்மைக் கொடுத்த கத்தோலிக்கப் பெருமக்களையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். பாலாறு பொருந்தலாறு நீரை நம்பி வாழும் பாலசமுத்திரத்து மக்களாகிய நாம், காவிரி பாயும் நாட்டில் பிறந்த அத்தகைய ஒருவரை இங்கு நினைவில் கொள்வோம்.

சர் ஏ. டி. பன்னீர்செல்வம் 1888 ஜூன் 1-ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்துச் செல்வபுரம் என்னும் சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் தாமரைச்செல்வம். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பி, தஞ்சையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். நிலமும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளை; தொழிலிலும் பேர் வந்தது. அத்தோடு அமைந்திருந்தால் அவரை இன்று நினைப்பார் இரார். பிராமணரல்லாதார் முன்னேற்றத்தை வேண்டிய நீதிக்கட்சியில் சேர்ந்து பொதுவாழ்வில் இறங்கினார். முப்பது வயதையொட்டித் தஞ்சை நகரசபைத் தலைமையும், 1924 முதல் 1930 வரை மாவட்டக் கழகத் தலைமையும் அவரிடம் வந்தன.

அவர் வக்கீலாகக் கற்ற கல்வி ஏழைகளுக்குப் பயன்பட்டது இப்பதவியில்தான். தஞ்சை மராட்டிய மன்னர்கள் விட்டுச்சென்ற சத்திரங்களும் அவற்றின் சொத்துக்களும் மாவட்டக் கழகத்தின் பொறுப்பில் இருந்தன. அவற்றின் வருவாயில் நடந்த விடுதிகளின் பயன் ஒரு சாராருக்கே போய்க்கொண்டிருந்தது. பன்னீர்செல்வம் அதை மாற்றி, பிற வகுப்புப் பிள்ளைகளுக்கும் அங்கே உணவும் உறைவிடமும் கிடைக்க வழி செய்தார். திருவையாற்றில் வடமொழி மட்டுமே கற்பித்து வந்த கல்லூரியின் அறக்கட்டளைப் பத்திரத்தை வரிவரியாய்ப் பார்த்தார். கல்விக்கென்றுதான் அதில் கண்டிருந்தது. வடமொழிக்கு மட்டும் என்று இல்லை. எனவே அங்கே தமிழும் இடம்பெற்றது. யார் வீட்டு அன்னத்தையும் பறிக்காமல், பந்தியை அகலமாக்கிய செயல் இது.

1930-இல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளுள் ஒருவராய்ச் சென்றார். அங்கே ஆகாகான், அம்பேத்கர் முதலியோருடன் சேர்ந்து, சிறுபான்மையோருக்குத் தனித்தொகுதி கேட்ட உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். காந்தியடிகள் இதை எதிர்த்தார். மற்றொரு கிறிஸ்தவப் பிரதிநிதியான எஸ். கே. தத்தாவும் உடன்படவில்லை. மறு ஆண்டு வெளியான வகுப்புத் தீர்ப்பில் தனித்தொகுதிகள் வழங்கப்பட்டன. 215 இடங்கள் கொண்ட சென்னை சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 8 இடங்கள் கிடைத்தன. விடுதலைக்குப் பின் 1949-இல், அரசியல் நிர்ணய சபையில் இருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா, தனி ஒதுக்கீடு வேண்டாம் என்ற முடிவை ஆதரித்தார். இருவரும் கத்தோலிக்கரே. சிறு மந்தைக்குப் பாதுகாப்பு வேலியா, அண்டை வீட்டாரின் நம்பிக்கையா என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு விடை கண்டனர். அக்கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது.

1937 தேர்தலில் நீதிக்கட்சி படுதோல்வி கண்டது. அதன் தலைவர் பொப்பிலி அரசரே தோற்றார். ஏப்ரல் முதல் ஜூலை வரை நீடித்த இடைக்கால அமைச்சரவையில் பன்னீர்செல்வம் உள்துறையும் நிதியும் ஏற்றார். பின்னர் ராஜாஜி அமைச்சரவை வந்தபோது, எதிர்வரிசையில் சிறு அணியினருள் ஒருவராய் அமர்ந்து குரல் கொடுத்தார். 1938-இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதைச் சபைக்குள்ளும் வெளியிலும் எதிர்த்தார். அவ்வாண்டு இறுதியில் சென்னையில் கூடிய கட்சி மாநாட்டில், சிறையிலிருந்த பெரியாரின் தலைமையுரையைப் படித்தவரும் இவரே. ஒருவர் கடவுள் மறுப்பாளர், மற்றவர் கத்தோலிக்கர். தமிழும் எளியோர் உரிமையும் இருவரையும் இணைத்தன.

1940 பிப்ரவரி 21-இல் கட்டாய இந்தி நீக்கப்பட்டது. அப்போது பன்னீர்செல்வம் லண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகராய்ப் பணியேற்க நியமனம் பெற்றிருந்தார். போர்க்காலம். மார்ச் 1-ஆம் நாள் அவர் பயணம் செய்த ஹானிபால் என்னும் விமானம், ஓமன் வளைகுடாவின் மேல் பறக்கையில் மறைந்தது. விமானிகளும் பயணிகளுமாய் எட்டுப் பேர் மாண்டனர். உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. வயது 51. தமிழகம் கலங்கியது, பெரியார் ஆறாத் துயருற்றார். ஈரோட்டுக்குப் போகும் நம்மவர் கண்ணில் படும் பன்னீர்செல்வம் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குக் கல்லறை இல்லை. மாலையிட ஓரிடம் இல்லை. ஆனால் அவர் திறந்த விடுதிகளில் உண்டு படித்து எழுந்த பிள்ளைகளின் தலைமுறைகள் உண்டு. நம் பங்கிலிருந்தும் சட்டம் படிக்கவும், ஊர் மன்றங்களில் அமரவும் இளைஞர் முன்வர வேண்டுமென விழைகிறோம். பதவி கிட்டும் நாளில், பூட்டிய கதவு எது, அதைத் திறக்கும் பத்திரம் எது என்று அவர்கள் தேடிப் பார்ப்பார்களானால், இந்த ஜுபிலிக்கு அதுவே நல்ல காணிக்கையாகும்.